எழுத்தெல்லாம் தெரியும், படிக்கத்தான் வரவில்லை

கேள்வி: அம்மா, விருத்தாசலம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். மொத்தம் 23 பிள்ளைகள். அதில் ஆறு பேருக்கு 247 எழுத்தும் வரிசையாக ஒப்பிக்கத் தெரியும். ஆனால் 'மாமரத்தில்' என்று எழுதிக் காட்டினால் திணறுகிறார்கள். இன்னும் எட்டுப் பேர் ராகம் போட்டு மடமடவென்று படிக்கிறார்கள், முடித்ததும் "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். கையெழுத்து எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் வெறும் தாள். ஒரு பயிற்சியில் எழுத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் வாக்கியத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். தலைமையாசிரியர் வகுப்பில் பேச்சுத் தமிழ் காதில் விழக் கூடாது என்கிறார். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கையும் எந்தக் கோட்பாட்டின்படி நடத்துவது? பி.கு.: வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பெண்குழந்தை வகுப்பில் வாயே திறப்பதில்லை. என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வி கடைசியில் இருக்கிறது, ஆனால் பதிலில் பாதியை நீங்களே முன்னால் எழுதிவிட்டீர்கள். ஆறு பேர் ஒரு மாதிரி, எட்டுப் பேர் வேறு மாதிரி என்று பிரித்துச் சொல்லியிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். பயிற்சிக்குப் போகும் இடங்களில் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மெல்லக் கற்போர்' என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். இரண்டு நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுப்பதுபோல, எல்லாருக்கும் 'தினம் ஒரு பக்கம் எழுதி வா' என்பதுதான் வைத்தியம்.

நானும் அதைச் செய்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக் கூட்டவே வராது. அரை வருடம் அவனை க, ங, ச எழுத வைத்தேன். ஒரு மழைநாளில் பாதிப் பேர் வராததால் பாடம் நடத்தாமல் ஒரு நரிக் கதையை வாசித்தேன். நரி அடுத்து என்ன செய்யும் என்று நான் கேட்பதற்குள் அந்தப் பையன் சொன்னான். ஏன் அப்படிச் செய்யும் என்பதையும் சொன்னான். அதே வகுப்பில் ஒரு பெண், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாளிதழ் வாசிப்பவள், என் பெருமைக்குரிய மாணவி. "இதுல என்னம்மா சொல்லியிருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். வாசித்ததில் முதல் வரியை அப்படியே திருப்பிச் சொன்னாள். இரண்டாவது தடவை கேட்டபோதும் அதே வரிதான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நான் ஆறு மாதமாகத் தப்பான பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று.

இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் சொன்னது. படித்துப் புரிந்துகொள்வது என்பது இரண்டு திறன்களின் பெருக்கல்: எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒன்று, அந்த ஒலியைக் காதால் கேட்டால் பொருள் புரிவது மற்றொன்று. கூட்டலாக இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒரு பக்கம் பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம்தான். உங்கள் ஆறு பேருக்கு முதல் எண்ணில் ஓட்டை. எட்டுப் பேருக்கு இரண்டாவதில். இவ்வளவு எளிய சூத்திரத்தில் படிப்பு முழுவதும் அடங்கிவிடாது என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் போகிற ஒருவருக்கு இதைவிட உதவியான சூத்திரத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றாம் வகுப்பு அளவில், பிள்ளைகள் பார்த்திராத ஏழெட்டு வரிக் கதை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிள்ளையே படிக்கட்டும். மறுநாள் மற்றொன்றை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் மும்மூன்று கேள்விகள்: கதையிலேயே விடை உள்ள ஒன்று, 'ஏன்' என்று ஒன்று, 'அப்புறம் என்ன ஆகியிருக்கும்' என்று ஒன்று. பதில் எந்தத் தமிழில் வந்தாலும் சரி. தானே படித்தபோது சொல்லத் தெரியாமல், நீங்கள் வாசித்தபோது சொல்லத் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு மொழி இருக்கிறது, எழுத்துதான் தடை. நீங்கள் வாசித்தபோதும் தெரியவில்லை என்றால் எத்தனை தடவை எழுத்துக்கூட்ட வைத்தாலும் பயனில்லை. நூல் தமிழ் அந்தப் பிள்ளையின் காதில் இன்னும் ஏறவே இல்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்தான். ஒரு வாரத்தில் 23 பேரையும் முடித்துவிடலாம். கையோடு, கரும்பலகையில் எழுதியது கடைசி வரிசையிலிருந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த ஆறு பேர். அவர்களுக்கு 247 எழுத்து தெரியும் என்று நீங்கள் எழுதியதை நான் அவ்வளவாக நம்பவில்லை, மன்னியுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. 'கொ' என்று தனியாக எழுதிக் காட்டினால் உதடு மெல்ல அசையும், 'க கா கி கீ கு கூ...' என்று விரலை மடக்கிக்கொண்டே போய் அங்கே நிற்பார்கள். ஒரு சொல்லில் ஐந்து எழுத்து இருந்தால் ஐந்து தடவை இந்தப் பயணம் போக வேண்டும். ஐந்தாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். 'மாமரத்தில்' திணறாமல் என்ன செய்யும்?

வாய்பாடு மாதிரி வரிசையாகப் போவதை நிறுத்திவிட்டு, குறிகளைப் பிடியுங்கள். ஒரு வாரம் கால் மட்டும்: கா, மா, பா, வா, தா, நா. அந்த எழுத்துகளால் ஆன சொற்கள்: பாடம், மாமா, வானம், தாத்தா. அடுத்து மேலே சுழிக்கும் இகரக் குறி. இப்படிப் போனால் ஒரே குறி எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது என்பது பிள்ளைக்கு விளங்கும். 247 என்று கேட்டாலே மலைப்பாக இருக்கிறதே தவிர, 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஒரு புள்ளி, கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சில குறிகள், இவ்வளவுதான் சரக்கு. மீதி எல்லாம் சேர்க்கை.

இரண்டு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். உகர, ஊகாரக் குறிகளுக்கு ஒரே வடிவம் கிடையாது. கு, சு, து, பு, மு, ரு என்று ஒவ்வொன்றையும் பாருங்கள், வால் ஒவ்வொரு பக்கம் போகிறது. இதை அவசரப்படுத்தாமல் தனியாக மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். இன்னொன்று கொம்பு. 'கெ' என்பதில் ஒலி பின்னால் வருகிறது, குறி முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே வந்து பிள்ளை குழம்பினால் கோபப்படுகிறோம். ஙகர வரிசையை விட்டுத்தள்ளுங்கள். 'ஙூ' என்ற எழுத்தை வைத்து ஒரு சொல்லை நான் இதுவரை கண்டதில்லை, ஆனால் அதை எழுதி எழுதியே எத்தனை நோட்டுத் தீர்ந்திருக்கும்!

நம் எழுத்துமுறைக்கு நேரம் பிடிப்பது இயல்புதான். தமிழைப் போலவே, உயிரும் மெய்யும் சேர்ந்து ஓர் எழுத்தாகும் அசையெழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்த கன்னடத்தில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகளில், எல்லா எழுத்துகளும் கைவசமாக நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று தெரிகிறது. எனவே நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை 'ணூ'வில் தடுமாறினால் அதை மந்தபுத்தி என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம்.

எழுத்து வந்த பிறகும் தமிழில் இன்னொரு மேடு இருக்கிறது. சொற்கள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். 'மரம்' படிக்கிற பிள்ளை 'மரத்திலிருந்துதான்' என்பதைப் பார்த்ததும் விட்டுவிடும். இதற்கு நான் சொல்லும் பயிற்சி ஓர் ஏணி. மரம். மரத்தில். மரத்திலிருந்து. மரத்திலிருந்து விழுந்தது. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, பழைய பகுதியைக் கையால் மறைத்துக் காட்டிப் படிக்க வையுங்கள். வந்தான், வந்துகொண்டிருந்தான், வந்துகொண்டிருந்தார்கள். 'மாமரத்தில்' அப்போது தானாக உடையும். நாளுக்குக் கால் மணி நேரம் போதும், ஆனால் எல்லா நாளும் நடக்க வேண்டும்.

அந்தக் கால் மணி நேரத்தில் மற்ற 17 பேரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நன்றாகப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த ஆறு பேருக்குத் துணைக்கு வையுங்கள், மற்றவர்கள் வாய்க்குள் படிக்கட்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்த வேலைதானே இது. சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. நமக்கு அது பழைய பஞ்சாங்கமாகிவிட்டது. மணல் தட்டு ஒன்று செய்து வையுங்கள், அழித்து எழுதச் செலவே இல்லை.

இப்போது அந்த எட்டுப் பேர். என்னைக் கேட்டால் இவர்கள்தான் கவலைக்குரியவர்கள். ஆய்வாளர் வந்தால் இவர்களைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்வோம், அவரும் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார். எழுத்துப் பயிற்சி இவர்களுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

'அவர்கள் ஆற்றங்கரையை அடைந்தபோது கதிரவன் மறைந்துவிட்டான்' என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளையின் வீட்டில் இதை யார் இப்படிச் சொல்வார்கள்? 'அவுங்க ஆத்தங்கரைக்குப் போறதுக்குள்ள பொழுது போயிடுச்சு' என்பார்கள். ஐந்து சொல்லில் ஒன்றுகூட இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. தாய்மொழிப் பாடம் என்று நாம் சொல்கிறோம், பிள்ளைக்கோ இது பாதி அயல்மொழி. பேச ஒரு வடிவம், எழுத ஒரு வடிவம் என்று இரண்டு வைத்துக்கொண்டு வாழும் நிலைக்கு 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரையால் 'டைக்ளோசியா' என்ற பெயர் பரவியது. நாம் இரட்டை வழக்கு என்கிறோம். அவர் முதன்மையாக எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று அரபு.

அரபுக்காரர்களுக்கும் நம்மைப் போலவே இதே தலைவலி. டினா ஃபைட்டல்சன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அரபு பேசும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் நூல்வழக்கு அரபியிலேயே கதைகளைத் தொடர்ந்து வாசித்துக் காட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது புரியாது, வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதுதான் அங்கே பொதுவான எண்ணம். சில மாதங்களில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்வதிலும் முந்தினார்கள். எழுத்தே படிக்கத் தெரியாத வயதில், காது வழியாக.

ஆகவே உங்கள் எட்டுப் பேருக்கு நான் எழுதும் மருந்து ஒன்றே ஒன்று: தினமும் பத்து நிமிடம் நீங்கள் கதை வாசிப்பது. வாசிப்பது என்றால் புத்தகத்தைக் கையில் வைத்து, அதில் உள்ள தமிழிலேயே வாசிப்பது. நாம் கதை 'சொல்வதில்' கெட்டிக்காரர்கள், அதனால் புத்தகத்தை மூடிவிட்டு நம் பேச்சில் சொல்லிவிடுவோம். அது இனிமையானதுதான், ஆனால் இந்த வேலைக்கு உதவாது. ஒரே கதையை மூன்று நாள் வாசியுங்கள். முதல் நாள், கதை எதைப் பற்றியது என்று பேச்சுத் தமிழில் நாலு வரி சொல்லிவிட்டு வாசியுங்கள். இரண்டாம் நாள் முன்னுரை இல்லாமல். மூன்றாம் நாள் வினைச்சொல் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்: "அதைக் கேட்ட நரி காட்டை விட்டு..." பிள்ளைகள் 'ஓடியது', 'ஓடிவிட்டது' என்று முடிப்பார்கள். 'ஓடிடுச்சு' என்று ஒருவன் சொன்னால் அதுவும் சரியான விடை, பொருள் பிடிபட்டிருக்கிறது. சொல்லுக்குச் சொல் அருஞ்சொற்பொருள் கேட்டுக் கதையைக் கொல்ல வேண்டாம்.

அந்த ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது கூட்டமாக வாய்விட்டுப் படிப்பதால் வருவது. முப்பது குரல் ஒன்றாகப் போக வேண்டும் என்றால் தாளம் வந்தே தீரும். தாளம் வந்தால் பொருள் போய்விடும். வாக்கியத்தைப் பென்சிலால் கோடிட்டுப் பிரித்துக் கொடுங்கள்: 'காட்டின் நடுவே / ஒரு பெரிய ஆலமரம் / பல ஆண்டுகளாக / நின்றுகொண்டிருந்தது.' ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை ஒரே மூச்சு. ஒவ்வொருவராகப் படிக்கட்டும், கேட்பவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்கட்டும். படிக்கும் முன்பே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுங்கள். எதையோ தேடிப் படிக்கும் பிள்ளை ராகம் போடாது.

தலைமையாசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. பேச்சுத் தமிழிலேயே எல்லாம் ஓடினால் நூல் தமிழ் எப்போது வரும்? ஆனால் பேச்சை வாசலிலேயே நிறுத்திவிட்டால் பிள்ளையும் அதோடு வெளியே நின்றுவிடும், வகுப்பில் மிஞ்சுவது மௌனம்தான். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் 'நாம பேசறது', மறுபக்கம் 'புத்தகம் பேசுவது' என்று எழுதிவிட்டு ஒரு நாள் அவரையே வந்து பார்க்கச் சொல்லுங்கள். 'வந்துகிட்டிருக்காங்க' என்று ஒருவன் சொன்னால் இந்தப் பக்கம். 'புத்தகத்தில் எப்படி வரும்?' என்று கேட்டு 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதை அந்தப் பக்கம். தப்பு என்ற சொல்லை இந்த விளையாட்டில் பயன்படுத்தவே கூடாது. அப்புறம் திருப்பிப் போடுங்கள்: பாடத்தில் ஒரு வரியைக் காட்டி 'இதை உங்க ஆயாகிட்ட எப்படிச் சொல்லுவே?' என்று கேளுங்கள். சரியாக மாற்றிச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வரி புரிந்திருக்கிறது என்று அர்த்தம். வினாவிடை நோட்டைவிட நம்பகமான தேர்வு இது.

பேசுதல் என்ற திறனுக்கு நம் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது, நம் கால அட்டவணையில் இடம் இல்லை. 'மயிலைப் பற்றி ஐந்து வரி பேசு' என்பது பேச்சு இல்லை, மனப்பாடம். பேச ஒரு காரணம் வேண்டும். கனடாவில் பிரெஞ்சு வழியாகவே எல்லாப் பாடமும் படித்த ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு மெரில் ஸ்வெய்ன் 1985-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் பிரெஞ்சைக் கேட்டால் அருமையாகப் புரிந்துகொண்டார்கள், ஆனால் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கினார்கள். காது நிறைந்தால் மட்டும் போதாது, சொல்ல முயன்று தடுமாறும்போதுதான் தன்னிடம் எது இல்லை என்பதே பிள்ளைக்குத் தெரிகிறது என்றார். நான் மேலே கேட்டலுக்கு அவ்வளவு இடம் கொடுத்ததால் இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

காரணத்தை உண்டாக்குவது கஷ்டமில்லை. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு உட்கார வைத்து, ஒருவரிடம் ஒரு படம், மற்றவரிடம் வெறும் சிலேட்டு. படத்தைப் பார்ப்பவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். 'வீட்டுக்கு வலப்பக்கம் கிணறு' என்று சரியாகச் சொல்லாவிட்டால் கிணறு கூரை மேல் ஏறிவிடும், வகுப்பே சிரிக்கும். விருத்தாசலத்துக்குப் போகும் பேருந்துகளின் நேரத்தை எழுதிக் கொடுத்து, 'பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்?' என்று இருவர் பேசி முடிவு செய்யட்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. என்.எஸ். பிரபு என்ற மொழியியலாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகளில், இலக்கணமே நடத்தாமல், கால அட்டவணை, வரைபடம் போன்ற புதிர்களைத் தீர்க்கவைத்தே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். மொழிகற்பித்தலைப் பற்றி உலகில் எங்கே பாடம் நடந்தாலும் 'பெங்களூர்த் திட்டம்' என்று இன்றும் பேசுகிறார்கள். ஆங்கிலத்துக்குச் செய்ததைத் தமிழுக்குச் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

எழுதுதல். கையெழுத்து நன்றாக இருப்பது நல்லதுதான், அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் பார்த்து எழுதுவதில் வேலை செய்வது கண்ணும் கையும் மட்டும். அர்த்தம் தெரியாத அரபு எழுத்தைக்கூட நீங்களும் நானும் அழகாகப் பார்த்து வரைந்துவிடலாம். சொந்தமாக எழுத, சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், அதை நூல் தமிழுக்கு மாற்றவும் தெரிய வேண்டும். எனவே வெறும் தாளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 'நேத்து மழைல என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். ஒருத்தி சொல்வாள்: 'எங்க ஊட்டு ஆடு காணாம போயிடுச்சு.' அதை அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்தவன் ஒரு வரி சேர்ப்பான். நாலைந்து வரி ஆனதும் எல்லாரும் சேர்ந்து புத்தகப் பக்கத்துக்கு மாற்றுங்கள். 'எங்கள் வீட்டு ஆடு காணாமல் போய்விட்டது.' அவர்கள் நோட்டில் முதன்முதலாக ஏறும் சொந்த வாக்கியம் அதுவாக இருக்கும். மறுநாள் அதே ஆட்டைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி தனியாக எழுதச் சொல்லுங்கள். வெறும் தாள் வராது.

திருத்தும்போது கை பரபரக்கும். எல்லாப் பிழையையும் வட்டம் போட்டால் தாள் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும், பிள்ளை அடுத்த தடவை தனக்குத் தெரிந்த மூன்று சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் எழுதியதற்குப் பதில் எழுதுங்கள், 'ஆடு கிடைத்ததா?' என்று. வாரத்துக்கு ஒரே வகைப் பிழை மட்டும். ந, ண, ன வாரம் என்றால், ந்-க்குப் பின் த, ண்-க்குப் பின் ட, ன்-க்குப் பின் ற என்று இனஎழுத்துக் கூட்டணியைச் சொல்லி பந்து, வண்டு, கன்று என்று காட்டினால் பாதிப் பிழை அந்த வாரமே கழன்றுவிடும். ல, ள, ழ-வுக்கு அப்படிச் சூத்திரம் கிடையாது. காதும் கண்ணும் பழகத்தான் வேண்டும். அதற்குச் 'சொல்வதை எழுதுதல்' நல்ல பயிற்சி, ஆனால் தனிச் சொற்களாக இல்லாமல் சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள்.

சரி, எந்தக் கோட்பாடு? நம் பள்ளிகளுக்கு முறைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 வாக்கில் அட்டைகளும் ஏணிப்படியுமாக மாநிலம் முழுக்கப் பரவியது. 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு என 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கும் அதன் யோசனை உங்கள் வகுப்புக்கும் பொருந்தும், ஆனால் பிரித்த பிறகு எல்லாருக்கும் ஒரே பயிற்சித்தாள் என்றால் பிரித்தது வீண். பெங்களூர்த் திட்டத்தை நடத்திய அதே பிரபு, 1990-இல் எழுதிய கட்டுரையில், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று சொன்னார். தனக்கென ஒரு முறையை வைத்திருந்தவரே சொன்னது இது. ஓர் ஆசிரியருக்குத் தான் செய்வது எப்படிப் பலன் தருகிறது என்பதில் உள்ளூர ஒரு பிடிப்பு இருக்கிறதா, அல்லது யாரோ சொன்னதைச் சடங்காகச் செய்கிறாரா என்பதுதான் அவர் பார்த்தது. எழுத்திலிருந்தா வாக்கியத்திலிருந்தா என்ற சண்டையில் நீங்கள் கட்சி சேர வேண்டாம். ஆறு பேருக்கு எழுத்துப் பக்கம், எட்டுப் பேருக்கு வாக்கியப் பக்கம். மீதி ஒன்பது பேருக்கு நூலகப் புத்தகம். அந்த இரும்புப் பெட்டியின் சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கும், வாங்கி வையுங்கள்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. அந்தத் தெலுங்குக் குழந்தை பேசாததைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். புரிகிறதா என்று தெரிந்துகொள்ள வாயைத் திறக்க வைக்க வேண்டியதில்லை. 'கதவைச் சாத்திட்டு வாம்மா', 'செவப்புச் சாக்பீஸை எடுத்து அவன்கிட்ட குடு' என்று சொல்லிப் பாருங்கள். செய்துவிட்டால் மொழி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. படிப்பில் மட்டும் அவளுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: தெலுங்கில் க வேறு, அதன் மென்மையான ஒலிக்கு எழுத்து வேறு. நாம் 'கல்'லுக்கும் 'பங்கு'க்கும் ஒரே எழுத்தை எழுதுகிறோம். தமிழ்ப் பிள்ளை சொல் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் தானாகத் திருத்திக்கொள்ளும், அவளால் முடியாது. அவளுக்குச் சொல்லை முதலில் காதில் போட்டுவிட்டு அப்புறம் எழுத்தைக் காட்டுங்கள்.

கரும்பலகையில் இரண்டு பக்கம் போடச் சொன்னேன் அல்லவா, ஒரு நாள் மூன்றாவது பக்கம் ஒன்று போட்டு அவளுக்குக் கொடுங்கள். மற்ற பிள்ளைகள் 'பாம்பு' என்றால் அவள் 'பாமு' என்பாள். 'ஊர்' என்றால் 'ஊரு'. வீட்டுக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். 'இல்லு' என்பாள். அதன் பக்கத்திலேயே 'இல்லம்' என்று எழுதிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்று, வகுப்பில் முதலில் யார் கையைத் தூக்குகிறார்கள் என்று பாருங்கள்.